சாம்பல் பூசிய கிழங்கு

மேட்டுக்காட்டு முள்ளம்பன்றி சடைச்சி, ஒரு பனைமட்டை நிறையக் கிழங்கை ஏற்றி, கொடியால் கட்டி இழுத்துக்கொண்டு இரண்டு நாள் நடந்தது. முதுகில் சுமந்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். முள்ளம்பன்றியின் முதுகில் கிழங்கை வைத்தால் ஒவ்வொன்றும் ஒரு முள்ளில் குத்திக்கொண்டு நிற்கும். அப்புறம் அதை எடுக்க நாலு பேர் வேண்டும்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் மேட்டுக்காடு. அங்கே கிழங்கு நிறைய உண்டு. ஆனால் அந்த வருஷம் மழை பொய்த்ததில் ஒரு பிடி பச்சைப்புல் கிடையாது. அந்தப் பக்கம் ஆற்றங்காடு. அங்கே புல் ஆளுயரம் நிற்கும், கிழங்குதான் அரிது. இருந்த கொஞ்சத்தையும் காட்டுப்பன்றி கோரையன் ஒருவனே தோண்டி, தன் இஷ்டத்துக்குக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தான். கிழங்கைக் கொடுத்துவிட்டுப் புல்லை வாங்கிப் போவது இரண்டு காட்டுக்கும் பழைய வழக்கம்.

சடைச்சி புல் தின்னப் போவதில்லை. பக்கத்துப் புதரில் இருக்கும் முயல் வெள்ளச்சிக்குத்தான் புல் வேண்டும். வெள்ளச்சி நாலு குட்டி போட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது. காய்ந்த சருகையே தின்று தின்று அதற்குப் பால் வற்றிக்கொண்டு வந்தது. மேட்டுக் கிழங்கைத் தின்றால் முயலுக்கு நாக்கு தடித்துவிடும். குட்டிகளை விட்டுவிட்டு ஆறு வரை போகவும் முடியாது. "நீ இரு, நான் போய் வர்றேன்" என்று சொல்லிவிட்டுச் சடைச்சி கிளம்பியது.

துறையில் நீர்நாய் துறையன் காவல் இருந்தது. அக்கரைக்குப் போகும் எதையும் அது பார்த்த பிறகுதான் விடும். சடைச்சியின் மட்டையை அது சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது. கிழங்கின் மேல் வெளுத்த தூள் அப்பியிருந்தது.

"என்னக்கா இது, இவ்வளவு அழுக்கா இருக்கு?"

"அழுக்கில்லை தம்பி, சாம்பல். மண்ணையெல்லாம் முள்ளால சுரண்டி எடுத்துட்டு, மூங்கில் எரிஞ்ச சாம்பல்ல புரட்டி, வெயில்ல காய வச்சிருக்கேன்."

துறையன் தன் வாழ்நாளில் சாம்பலைப் பார்த்ததில்லை. ஆற்றங்காடு ஒரு நாளும் எரிந்ததில்லை. அதற்கு அது மண்ணாகத்தான் தெரிந்தது.

"கழுவலையே அக்கா. சட்டம் தெரியுமில்ல? கழுவின கிழங்குதான் ஆத்தைத் தாண்டலாம்."

"சட்டம் போட்டப்ப நானும் இந்தக் கரையிலதான் உட்கார்ந்திருந்தேன். 'சுத்தம் செய்த கிழங்கு'ன்னுதானே சொன்னாங்க?"

"சுத்தம் செய்யறதுன்னா கழுவறதுதானே?" என்றது துறையன். அது கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அதற்கு வேறு அர்த்தம் தெரியாது. நீர்நாய்கள் ஆற்றுக்குள்ளேயே பிடித்த மீனைக்கூட ஒரு முறை அலசிவிட்டுத் தின்கிற சாதி. மேட்டுக்காட்டிலோ குடிக்கவே தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அங்கே சுத்தம் என்றால் சாம்பலும் வெயிலும்தான். சட்டம் போட்ட அன்று இரண்டு பக்கமும் ஒரே வார்த்தையைக் கேட்டன, இரண்டும் தலையாட்டின, ஆளுக்கொரு அர்த்தத்தோடு வீட்டுக்குப் போயின. அதன் பிறகு மூன்று வருஷம் மேட்டில் நல்ல மழை. யாரும் கிழங்கு கொண்டுவராததால் விஷயம் வெளியே வரவில்லை.

"சரி, இப்பவே இந்த ஆத்துல கழுவிடறேன்" என்றது சடைச்சி.

துறையன் பதறிப்போய்க் குறுக்கே வந்து நின்றது. "வேணாம்க்கா! மண்ணு ஆத்துல கரைஞ்சா புழுவும் கூடவே இறங்கிடும். உங்க இடத்துலயே கழுவிட்டுக் கொண்டு வாங்க."

அந்தப் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், எங்கிருந்தோ வந்த கிழங்கின் மண்ணோடு வேர்ப்புழு ஆற்றங்காட்டுக்குள் நுழைந்துவிட்டது. கரையோர மருதமரம் ஒன்றை வேரோடு அரித்தது. மரம் சாய்ந்தபோது அதன் அடியில் இருந்த துறையனின் வளையும் இடிந்தது. அந்த நேரம் வளைக்குள் இருந்தது அதன் துணை. அதற்குப் பிறகுதான் சட்டமே வந்தது, துறையனும் தானாகவே கேட்டு இந்தக் காவலுக்கு வந்தது. அதைப் பிடிவாதக்காரன் என்று யாரும் திட்ட வேண்டாம். அது பயந்தவன்.

"தம்பி, அங்க ஒரு முயலுக்குப் பால் வத்திக்கிட்டிருக்கு. நாலு குட்டி."

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு அக்கா. ஆனா கழுவாம விட முடியாது."

அக்கரையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த கோரையன் கனைத்தான். "சட்டம்னா சட்டம். ஒருத்தருக்கு விட்டுக் கொடுத்தா நாளைக்கு ஊரே மண்ணோட வந்து நிக்கும்." மேட்டுக் கிழங்கு வந்துவிட்டால் தன் கிழங்கை யார் சீந்துவார்கள் என்கிற கவலையை மட்டும் அவன் வெளியே சொல்லவில்லை.

சடைச்சி மட்டையைத் திருப்பிக்கொண்டு நடந்தது.

மேட்டுக்காட்டில் விஷயத்தைச் சொன்னதும் எல்லாரும் தங்கள் பங்குத் தண்ணீரைக் கொடுத்தார்கள். கீரிகள் அரை நாள் தாகத்தோடு இருந்தன. ஒரு கிழட்டு மான், "நான் காலையிலேயே குடிச்சிட்டேன்" என்று வாய்கூசாமல் பொய் சொன்னது. அப்படியும் பாதிக் கிழங்கைத்தான் கழுவ முடிந்தது. மீதிப் பாதியைச் சடைச்சி பழையபடியே சாம்பலோடு ஏற்றிக்கொண்டது. எதற்கு என்று அதற்கே தெரியாது. வீட்டில் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

மறுபடி இரண்டு நாள் நடை. வெயில் மண்டையைப் பிளந்தது. ஈரக் கிழங்கு மேலே மூடிய இலைக்கடியில் வெந்து புழுங்கியது. துறைக்கு வந்து மட்டையைத் திறந்தபோது கழுவிய கிழங்கெல்லாம் கொழகொழவென்று அழுகி நாறியது. துறையன் மூக்கைப் பொத்திக்கொண்டது.

"அழுகினதை விட முடியாதுக்கா."

"அப்ப இதை விடு" என்று சாம்பல் பூசிய பாதியைச் சடைச்சி முன்னால் தள்ளியது. அதில் ஒன்றுகூடக் கெடவில்லை.

"அது கழுவலையே."

சடைச்சியின் முள்ளெல்லாம் சடசடவென்று எழுந்து நின்றது. துறையன் இரண்டடி பின்வாங்கியது. ஆனால் சடைச்சி பாயவில்லை. அது அழுதது. முள்ளம்பன்றி அழுது யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்கச் சகிக்காது.

"கழுவினா அழுகுது. அழுகினா விடமாட்டே. கழுவாட்டியும் விடமாட்டே. நான் என்னதான் செய்யறது, சொல்லு. உனக்குத் தண்ணி வேணுமா, புழு வராம இருக்கணுமா?"

மூன்று வருஷமாகத் துறையனிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"புழு வராம இருக்கணும்" என்று மெதுவாகச் சொன்னது.

"அப்ப புழு இருக்கான்னு பாரேன்!"

"எனக்குப் பார்க்கத் தெரியாதே அக்கா. புழு உள்ள இருக்கும். நான் வெளியில கழுவியிருக்கான்னுதான் பார்ப்பேன்."

புழு என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே, மணலில் குத்திக்கொண்டிருந்த கொண்டலாத்தி ஒன்று பறந்து வந்து நடுவில் உட்கார்ந்தது. தலையில் விசிறிக் கொண்டை, ஊசி மாதிரி நீண்ட அலகு. "எங்க புழு? காலையிலேர்ந்து பட்டினி. யாராவது காட்டுங்க" என்றது.

சடைச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டது. "இந்தக் கிழங்குல தேடிப் பாரு. கிடைச்சதெல்லாம் உனக்கு."

கொண்டலாத்தி ஆவலோடு ஒவ்வொரு கிழங்காகக் குத்தியது. கிழங்கின் கண்ணில் அலகை விட்டுத் துழாவியது, தட்டிப் பார்த்தது, திருப்பிப் போட்டது. கடைசிக் கிழங்கு முடிந்ததும் கொண்டையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. "ஒண்ணுகூட இல்லை. வாயெல்லாம் சாம்பல். ஏன்யா இப்படி ஏமாத்தறீங்க?"

துறையன் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. பொய் சொல்லும் பறவையின் முகம் இப்படி வாடாது. இதைவிட நம்பிக்கையான சோதனைக்காரரை எங்கே போய்த் தேடுவது?

"அதுக்கு என்ன தெரியும்? பசியில உளறுது" என்று அக்கரையிலிருந்து கோரையன் கத்தினான். "இங்க வந்து பாரு. சுத்தம்னா இதுதான். தினம் ரெண்டு வேளை கழுவறேன், பளபளன்னு இருக்கு பாரு!"

அவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பசித்த கொண்டலாத்தி உடனே அந்தப் பக்கம் பறந்தது. பளபளக்கும் கிழங்கில் அலகை விட்டு, கொழுத்த வெள்ளைப் புழு ஒன்றை இழுத்தது. விழுங்கியது. அடுத்ததில் இரண்டு. அதற்கடுத்ததில் மூன்று.

"அடடா, விருந்து!" என்றது வாய் நிறைய.

துறையன் நீந்திப் போய் அந்தக் கிழங்குகளைப் பார்த்தது. சட்டம் ஆற்றைத் தாண்டி வருவதை மட்டும்தான் பார்க்கச் சொன்னது. தாண்டாமல் உள்ளேயே இருந்த கோரையனின் கிழங்கை இத்தனை நாளாக யாரும் குத்திப் பார்க்கவில்லை. மேலே கழுவக் கழுவ, உள்ளே ஈரத்தில் புழு சொகுசாக வளர்ந்திருந்தது.

கோரையனுக்கு முகம் செத்துவிட்டது. அவன் தந்திரக்காரன்தான், ஆனால் காட்டுக்குப் புழு வைக்கிறவன் இல்லை. "எனக்குத் தெரியாதுப்பா. சத்தியமா தெரியாது. கழுவினா போயிடும்னுதான் நானும் நினைச்சேன்" என்றான். பிறகு இக்கரைக்கு நீந்தி வந்து, தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா, அந்தச் சாம்பல் கொஞ்சம் கிடைக்குமா?" என்று கேட்டான்.

சடைச்சிக்கு நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கத் தோன்றியது. நேரம் இல்லை. மட்டையில் உதிர்ந்து கிடந்த சாம்பலை வழித்து ஓர் இலையில் வைத்துக் கொடுத்தது.

துறையன் அங்கேயே கரையில் நின்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னது. "இனிமே புழு இல்லாத கிழங்கு தாண்டலாம். தண்ணியோ, சாம்பலோ, அவங்கவங்க வழி. எந்தக் கரைக் கிழங்கா இருந்தாலும் கொண்டலாத்தி குத்திப் பார்க்கும்." கொண்டலாத்தி இந்த வேலைக்கு அப்போதே சம்மதித்தது.

கிழங்கு போனது, இரண்டு கட்டுப் புல் வந்தது. சடைச்சி வாங்கியதும் கட்டைப் பிரித்து ஒவ்வொரு கற்றையாக உதறத் தொடங்கியது.

"என்னக்கா பண்றீங்க?"

"உண்ணி இருக்கான்னு பார்க்கறேன். உங்க ஈரக் காட்டுல உண்ணி அதிகம். பச்சைக் குட்டிங்க இருக்கிற இடம்."

"எங்க புல்லையா சந்தேகப்படறீங்க?" என்று துறையன் முறைத்தது. கேட்ட பிறகுதான் தான் யாரிடம் கேட்கிறோம் என்று உறைத்தது. வெட்கப்பட்டு மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அதுவும் உதறியது. ஏழு உண்ணி விழுந்தது.

ஒரு கட்டைத் துறையன் தானே இழுத்துக்கொண்டு வந்தது. "அவசரம்க்கா, ரெண்டு பேரா போனா சீக்கிரம் போயிடலாம்" என்றது. ஆற்றில் வளர்ந்த பாதத்துக்கு மேட்டுப் பாறை சுட்டது. அது கட்டை விடவில்லை. ஒரே ஓட்டமாக, இரண்டு நாள் வழியை ஒன்றரை நாளில் கடந்தார்கள்.

வெள்ளச்சி புல்லைப் பார்த்ததும் தின்றது. நிமிராமல் தின்றது. சடைச்சி பக்கத்தில் உட்கார்ந்து கற்றை கற்றையாக எடுத்துக் கொடுத்தது. குட்டிகள் வெள்ளச்சியின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தன. துறையன் எட்டிப் பார்த்தது.

"மூணுதான் இருக்கு. நாலுன்னு சொன்னீங்களே அக்கா?"

வெள்ளச்சி மெல்லுவதை நிறுத்தியது. "நேத்து வரைக்கும் நாலு இருந்துச்சுண்ணே" என்றது.

துறையன் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. "முதல் தடவையே விட்டிருந்தேன்னா…" என்றது. வீட்டில் ஒன்றைப் பறிகொடுத்தவனுக்கு இன்னொரு வீட்டின் இழப்பு எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சடைச்சி அதைத் தேற்றவில்லை. தேற்றியிருந்தால் பொய் சொல்ல வேண்டியிருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து, மூன்றாவது குட்டியும் பால் குடிக்கும் சத்தம் கேட்டது.

காவல் எல்லாக் காட்டுக்கும் வேண்டும். ஆனால் நோயைத் தடுக்கப் போட்ட சட்டம், நோய் இருக்கிறதா என்று பார்க்காமல் வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டால், நோயை உள்ளே விட்டுவிட்டுப் பசியோடு வருகிறவர்களைத்தான் வெளியே நிறுத்தும்.