கண்மாயில் ஒரு கருத்துக்கேட்பு

இலுப்பைக்கோட்டையை ஆண்ட கொற்றவமாறன் ராஜாவுக்கு முத்திரை குத்துவதில் அலாதிப் பிரியம். குத்துவதற்கு முன்னால் படித்துப் பார்ப்பதில்தான் சலிப்பு. அவருடைய நீர்நிலை அதிகாரி விடங்கன். வாய்த்துடுக்குக்குப் பேர்போனவன்.

அந்த ஊரில் பெரிய கம்பெனி என்றால் எண்திசைப் பண்டகசாலைதான். அதன் தலைவர் பவளநாதர் ஒருநாள் சபைக்கு வந்தார்.

"மன்னா, எங்கள் வளாகத்தில் இடம் போதவில்லை. எழுத்தர்கள் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறார்கள். பக்கத்துத் தாமரைக் கண்மாயைத் தந்தால் கட்டடம் எழுப்பிக்கொள்வோம். தங்கள் பெயரில் ஓர் ஊஞ்சல் மண்டபமும் உண்டு!"

ஊஞ்சல் என்றதும் ராஜாவின் கால்கள் தானாக ஆடின.

விடங்கன் அவசரமாக முன்னால் வந்தான். பன்னிரண்டு ஊர் வயல்கள் அந்தக் கண்மாயை நம்பித்தான் இருந்தன.

"மன்னா, முதலில் சூழல் ஆய்வு நடத்த வேண்டாமா?"

"முடித்தே விட்டோம்!" பவளநாதர் ஓலையை நீட்டினார்.

விடங்கன் வாங்கிப் படித்தான். 'இது கண்மாய் அல்ல, பள்ளம். தண்ணீர்: இல்லை. பறவை: ஒரே ஒரு கொக்கு. அதுவும் வழி தவறி வந்தது.'

தண்ணீர் எப்படி இருக்கும்? ஆற்றுநீர் உள்ளே வரும் வழியைப் பண்டகசாலை ஆட்கள் போன மாதமே பலகை போட்டுப் பூட்டிவிட்டார்கள். சொன்னால், "சாட்சி எங்கே?" என்பார் ராஜா.

"மக்களையாவது ஒரு வார்த்தை கேட்கலாமே, மன்னா."

"கேட்போம்," என்றார் ராஜா. "நாளைக்குக் கண்மாய்க்குள்ளேயே பந்தல் போடுங்கள். வாயுள்ளவர் யார் வேண்டுமானாலும் பேசலாம். ஒரே ஓர் ஆட்சேபணை எழுந்தாலும் அனுமதி கிடையாது. விடங்கா, நீதான் விசாரணை அதிகாரி. அதனால் நீ மட்டும் ஆட்சேபிக்கக் கூடாது."

மறுநாள் பன்னிரண்டு ஊரும் திரண்டு வந்தது. பந்தல் வாசலில் பவளநாதரே நின்று, கும்பிட்டு வரவேற்று, ஆளுக்கொரு கம்மர்கட்டு கொடுத்தார். ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் அளவு. கருப்பட்டிப் பாகை இறுகக் காய்ச்சி உருட்டியது. கொடுத்ததை வேண்டாம் என்பார்களா? எல்லோரும் வாயில் போட்டார்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொண்டன.

ராஜா எழுந்து கேட்டார். "இங்கே கட்டடம் கட்டலாமா?"

"ம்ம்ம்!" என்று அலறியது கூட்டம்.

"கேட்டீர்களா மன்னா? எல்லோரும் 'ம்' என்கிறார்கள்!" என்று துள்ளினார் பவளநாதர்.

மாரக்காள் என்ற நடவுக்காரி முன்னால் ஓடிவந்தாள். கையை ஆட்டினாள், தலையை ஆட்டினாள். "ம்ம்! ம்ம்ம்!"

"இந்த அம்மாள் இரண்டு கட்டடம் கேட்கிறாள், மன்னா."

ராஜா முத்திரையைக் கையில் எடுத்தார். விடங்கன் குறுக்கே பாய்ந்தான்.

"கொஞ்சம் பொறுங்கள் மன்னா! இன்னும் ஒரு வாய் பாக்கி இருக்கிறது. பாவம், அதை யாரோ அடைத்து வைத்திருக்கிறார்கள். நான் போய்த் திறந்துவிட்டு வரட்டுமா?"

"அடைத்து வைத்திருக்கிறார்களா? என் ராஜ்யத்திலா? ஓடு, திற!"

விடங்கன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரைமேல் ஓடினான். பூட்டைக் கல்லால் உடைத்தான். பலகையைத் தூக்கினான்.

ஆற்றில் புதுவெள்ளம் ஓடிக்கொண்டிருந்த நேரம். ஹோவென்று இரைந்துகொண்டு தண்ணீர் பந்தலுக்குள் புகுந்தது. ஜனங்கள் கரையேறிவிட்டார்கள். பாய்கள் மிதந்தன. சூழல் ஆய்வு ஓலையும் மிதந்தது. பவளநாதர் பந்தற்காலைக் கட்டிக்கொண்டு மேலே ஏறினார். ராஜா சிம்மாசனத்தின் மேல் ஏறி நின்று கத்தினார்.

"விடங்கா! யாரடா இது?"

"கால்வாய், மன்னா! வாயுள்ளவர் யாரும் பேசலாம் என்றீர்களே? ஒரு மாதமாக அடைத்து வைத்த வாய். அதனால் கொஞ்சம் பலமாகவே ஆட்சேபிக்கிறது!"

ராஜா ஒரு கணம் விழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் முத்திரை நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"பவளநாதரே, அனுமதி இல்லை! விடங்கா, என்ன பரிசு வேண்டும்? தயங்காமல் கேள்!"

அவரிடம் திரும்பி வந்துகொண்டிருந்த விடங்கனுக்கு அதற்குள் கழுத்தளவு தண்ணீர்.

"ஒரு படகு, மன்னா," என்றான். "கொஞ்சம் சீக்கிரமாக!"