முன்பாதி

மடத்துச் சாமிக்கு நாற்பது வயது. சீடர் அம்பலவாணருக்கு அறுபத்திரண்டு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எல்லாரும் புலவர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் வேண்டாமென்று சொன்னதில்லை.

அன்று மதியப் பந்தியில் சாம்பாருக்கு உப்பில்லை.

"ஏ காத்தாயி, காவிரியை அப்படியே மொண்டு ஊத்திட்டியா?" என்றார் புலவர்.

சமைத்துப் பரிமாறும் காத்தாயி, கையில் கரண்டியோடு நின்றபடியே அழுதுவிட்டாள்.

"அடடா! சரியான தொட்டாச்சிணுங்கி!"

பந்தியே சிரித்தது. ஒருத்தர் பாக்கியில்லை. காத்தாயி கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள். மூன்று மணி பஸ்ஸுக்குப் பையைக் கட்டுகிறாள் என்று கொஞ்ச நேரத்தில் சேதி வந்தது. பதினோரு வருஷமாக அந்த அடுப்படியில் நின்றவள்.

புலவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. நேரே சாமியிடம் வந்தார்.

"நான் அப்படி என்ன சாமி சொல்லிட்டேன்? ஊரே சொல்ற வார்த்தைதானே?"

"அதுக்கு என்ன அர்த்தம், புலவரே?"

சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் போதும், புலவருக்குத் தெம்பு வந்துவிடும்.

"தொட்டால், சிணுங்கி. சேர்ந்தா தொட்டாற்சிணுங்கி. லகரம் றகரமா மாறிடும். முதல்ல அது செடிக்குத்தான் பேரு. பொசுக்குன்னு மனசு வாடுற ஆளுக்கும் பிறகு அதுவே பேராச்சு."

சாமி அவரைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார். அங்கே அந்தச் செடி தரையோடு படர்ந்து கிடந்தது.

"தொடுங்க."

தொட்டார். இலைகள் மூடிக்கொண்டன.

"இன்னொரு தரம்."

"மூடிக் கிடக்கிறதை எதுக்கு சாமி மறுபடியும் தொடணும்?"

"முந்தாநாள் ரசத்தை வெந்நீர்னீங்க. நேத்து சோறு குழைஞ்சுபோச்சுன்னீங்க. இன்னைக்கு உப்பு."

புலவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை வயசுக்கு இது தேவையா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

"போய் மன்னிப்புக் கேக்குறேன் சாமி. அந்த வார்த்தையைச் சொன்னது தப்புன்னு..."

"வார்த்தை தப்பில்ல. பின்பாதி காத்தாயின்னு பந்தியில சொல்லிட்டீங்க. முன்பாதி யாரு?"

புலவர் செடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தொட்டவன். நான்தான் சாமி."

சாமி தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

"நாம. நானும் சிரிச்சேன். நடங்க, பஸ் வந்துடும்."