தனியாக இருந்ததற்கு இரண்டு சாட்சி

ஊமத்தம்பட்டிக்காரர்களுக்கு மூளை இல்லை என்று பக்கத்து ஊர்களில் பேசிக்கொள்வார்கள். அது அநியாயம். மூளை இருக்கிறது. அவசரத்துக்கு வேண்டுமே என்று யாரும் அதைத் தொடுவதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊரில் சுருளி என்று ஒருத்தன். முப்பது வயதாகியும் எதையும் தனியாகச் செய்து பழக்கமில்லை. முடி வெட்டப் போனாலும் கூட்டாளிகள் தவசியும் வீரணனும் கூட வர வேண்டும். பெண் பார்க்கவும் மூவரும்தான் போனார்கள். ராமுத்தாய் காப்பித் தட்டோடு வந்ததும் மூவரும் ஒன்றாக வெட்கப்பட்டார்கள்.

பெண்ணின் அப்பா சீலமுத்துவுக்கு அது பிடிக்கவில்லை.

"நான் பெத்தது ஒரு பொண்ணு. மாப்பிள்ளையும் ஒருத்தர் போதும். ஓணான்மலை உச்சியில ஒரு ராத்திரி தனியாத் தங்கிட்டு வாங்க, ஆவணியில கல்யாணம். முடியாதுன்னா சொல்லிருங்க, கம்பத்துல ஒரு வரன் காத்துக்கிட்டு இருக்கு."

கதவோரம் நின்ற ராமுத்தாய் சுருளியை ஒரு பார்வை பார்த்தாள். பாவம், அவனுக்கு அவளை அவ்வளவு பிடித்துவிட்டது. சரி என்று தலையாட்டிவிட்டான்.

"உச்சியில காத்து பேய் மாதிரி அடிக்கும். கூடாரத்தோட நாலு மூலையிலயும் கனமா எதையாவது வைங்க" என்று சீலமுத்து புத்தி சொல்லி அனுப்பினார்.

தெருவுக்கு வந்ததும் தவசி நின்றுவிட்டான்.

"நீ போறது சரிடா. தனியாத்தான் இருந்தேன்னு யாரு சாட்சி சொல்றது?"

"யாருமே இல்லாத எடத்துல சாட்சிக்கு எங்க போறது?" என்றான் வீரணன்.

"அதத்தான் சொல்றேன். நாம ரெண்டு பேரும் போகணும்."

சுருளிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட கூட்டாளிகள் யாருக்குக் கிடைப்பார்கள்?

மறுநாள் மலையேறினார்கள். சுருளி முன்னால், சாட்சிகள் இருபதடி பின்னால். அவனோடு பேசக்கூடாது என்று ஏற்பாடு. பாதி வழியில் சுருளியின் காலில் முள் ஏறிவிட்டது.

"டேய் தவசி, ஊக்கு இருக்கா?"

தவசி முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நாங்க இங்க இல்லடா."

"பேசிட்டியே" என்று வீரணன் பதறினான்.

"இல்லைன்னுதான சொன்னேன்? இருக்கேன்னா சொன்னேன்?"

வீரணன் அதை யோசித்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டான். அவர்கள் அங்கே இல்லாததால் சுருளி தானே நொண்டிக்கொண்டு வந்து, தவசியின் அரைஞாண் கயிற்றில் தொங்கிய ஊக்கைக் கழற்றி முள்ளை எடுத்துக்கொண்டு, பழையபடி மாட்டிவிட்டுப் போனான்.

உச்சி முழுக்க ஒரே பாறை. தேடினாலும் ஒரு துண்டுக் கல் இல்லை. கூடாரத்தின் மூலைகளில் கனமாக எதை வைப்பது? ஒரு மூலையில் சுருளி உட்கார்ந்தான். கூட்டாளிகளுக்கு மனசு கேட்கவில்லை. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். நாலாவது மூலைக்கு அரிசி மூட்டையை வைத்தார்கள்.

"பசிக்குதே" என்றான் வீரணன் சிறிது நேரத்தில்.

"சோறாக்க அரிசியை எடுத்தா அந்த மூலை பறந்துரும்" என்றான் தவசி.

அதுவும் நியாயம்தான். ராத்திரி பூராவும் கூடாரம் ஒரு இஞ்ச்கூட நகரவில்லை. உள்ளே ஒருத்தரும் இல்லை. வெளியே மூவரும் பனியில் நனைந்து, காலையில் தும்மிக்கொண்டே இறங்கினார்கள்.

"மாமா, ரெண்டு கை தூரத்துல ராத்திரி பூரா முழிச்சிருந்து பாத்தோம். இவன் கிட்ட ஒரு ஈ, காக்கா வரல. சுத்தமாத் தனியா இருந்தான்" என்று தவசி சத்தியம் செய்தான்.

சீலமுத்து விவரமானவர் என்று பெயரெடுத்தவர். ஊமத்தம்பட்டியில் எடுத்த பெயர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

"நீங்க ரெண்டு பேரும் இருந்தீங்களேய்யா" என்றார்.

"நாங்க சாட்சிக்கு இருந்தோம் மாமா, துணைக்கு இல்ல."

"அதெல்லாம் செல்லாது. வர்ற வெள்ளிக்கிழமை மறுபடி போகட்டும். இதுதான் கடைசி. கூட யாரும் இல்லைன்னு நானே வந்து பாத்துக்கிறேன்."

"நீங்க அவனுக்குத் துணையா இருக்கலைன்னு யாரு பாக்குறது?" என்று கேட்டான் வீரணன்.

சீலமுத்து வெகுநேரம் தாடையைத் தடவினார். "கேக்க வேண்டிய கேள்விதான். நீங்க ரெண்டு பேரும் வந்து என்னைப் பாத்துக்கங்க."

வெள்ளிக்கிழமை மதியமே சீலமுத்துவும் சாட்சிகள் இரண்டு பேரும் ஏறிப் போய்ப் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். சாயங்காலம் தட்டுத்தடுமாறி வந்த சுருளி, சீலமுத்துவின் சிவப்புத் துண்டையும் பக்கத்தில் இரண்டு தலைகளையும் பார்த்துவிட்டான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று பேர் இருக்கிற மலையில் தனியாக எப்படி இருப்பது? ராமுத்தாய் கம்பத்துக்குப் போய்விடுவாளே. சத்தம் காட்டாமல் வந்த வழியே இறங்கினான்.

மலையடிவாரத்தில் முதல் வீடு சீலமுத்துவின் வீடு. வாசலில் ராமுத்தாயும் அவள் அம்மாவும் நின்றார்கள்.

"என்ன, போகலையா?" என்றாள் ராமுத்தாய்.

"போனேன். எடமில்ல."

அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் வேறொன்றும் கேட்கவில்லை. கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டார்கள். கூட்டாளிகள் இல்லாமல் அவன் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. மூன்று பேர் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, தன் வீட்டுக்குப் போய்க் குறட்டை விட்டுத் தூங்கினான்.

விடிந்ததும், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று சீலமுத்துவின் வாசலில் போய் நின்றான். மலையிறங்கி வந்த சீலமுத்து அவனை வாய் திறக்கவே விடவில்லை. கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"ராத்திரி பூரா கண்ணை மூடல நான். மாப்பிள்ளைகூட ஒருத்தர் இல்ல. விடியக்காலம் மலை முச்சூடும் தேடியும் பாத்துட்டேன், ஒருத்தர் இல்ல. சொல்லப்போனா மாப்பிள்ளையே இல்ல. ஒரு மனுசன் இதுக்கு மேல எப்படிங்க தனியா இருப்பான்?"

அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றி, ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். ராமுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். வீரணன் மட்டும் ஓரமாய் நின்று கண்ணைத் துடைத்தான்.

"பாவம்டா தவசி" என்றான். "அவ்வளவு பெரிய மலையில, துணைக்கு அவனாவது அவன்கூட இருந்திருக்கலாம்."