நீர்நாய் கொண்டுவந்த பொரி

ஆற்றங்கரை மேட்டில் எலிகள் வரகு விதைத்து, வளைக்குள் சேர்த்து வைத்துப் பிழைத்து வந்தன. வரகின் உமி கெட்டியானது. ஒரு மணியை உரிப்பதற்குள் தாடை வலித்துவிடும்.

ஒருநாள் அக்கரையிலிருந்து நீர்நாய் ஒன்று நீந்தி வந்தது. அதன் தலையில் ஒரு மூட்டை பொரி!

"கடலை விளைத்துக் கொடுங்கள், பொரி தருகிறேன். வரகைப் போய் யாராவது மெல்லுவார்களா?" என்றது.

தலைவர் பெருச்சாளி ஒரு வாய் போட்டுப் பார்த்தார். நாக்கில் பட்டதும் கரைந்தது. "இனி மேடு முழுக்கக் கடலைதான். பழைய வரகு மூலையில் கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

செம்பி என்ற தாய் எலிக்கும் பொரி பிடித்துத்தான் இருந்தது. ஆனால் பொரி தின்ற அவள் குட்டிகளுக்குப் பல் நமைச்சல் தாங்கவில்லை. அம்மாவின் வாலைக் கடித்தன.

"ஐயோ, வாலை விடுங்கடா!" என்று அவள் தினமும் சாயங்காலம் அந்த மூலையிலிருந்து வரகு எடுத்துவந்து கொட்டினாள். சாமி கும்பிட்டுவிட்டுத் தானும் நாலு மணி கடித்தாள்.

"பொரி இருக்கும்போது கல்லைக் கடிக்கிறாயே, செம்பி" என்று சிரித்தார் பெருச்சாளி.

"என்ன செய்ய மாமா, என் வால் எனக்கு வேணுமே."

மழைக்காலம் வந்தது. நீர்நாய் வெறுந்தலையோடு வந்தது. "அக்கரையில் பயிரெல்லாம் அழுகிப்போச்சு. எங்கள் பிள்ளைகளுக்கே பத்தவில்லை" என்று திரும்பிப் போனது. எலிகளின் கடலையோ, எப்போதோ அக்கரை போய்ச் சேர்ந்துவிட்டது.

"பயம் எதுக்கு? வரகு இருக்கே!" பெருச்சாளி மூலைக்கு ஓடிக் கடித்தார். முடியவில்லை.

எலிப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். கெட்டியானதைக் கடித்தால்தான் தேயும். பொரி தின்ற பற்களெல்லாம் நீண்டு, வளைந்து தொங்கின. வளை நிறையத் தானியம் இருந்தும் பச்சைக் குட்டிகள் பசியில் கீச்சிட்டன.

செம்பிக்கு மனசு பொறுக்கவில்லை. தன் குட்டிகளை வரிசையாக உட்கார வைத்தாள். அவை உமியைக் கடித்துக் கடித்துப் போட, மேடே பசியாறியது.

பெருச்சாளி ஓரமாக உட்கார்ந்து, பாறையில் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, கல்லைக் கடிக்கிறீங்க?" என்றாள் செம்பி.

"சிரிக்காதே, தாயி. எனக்கும் ரெண்டு மணி உரிக்கச் சொல்லு."

மழை விட்டதும் நீர்நாய் மறுபடி வந்தது. பெருச்சாளி ஒரு பிடி பொரி மட்டும் வாங்கிக்கொண்டு, வரகு விதைக்க மேட்டுக்கு ஏறினார்.

வெளியிலிருந்து வருவதை வாங்கித் தின்னலாம். ஆனால் தன் மண்ணில் விளைவதை விதைக்கவும் தின்னவும் மறந்துவிடக் கூடாது.