இருவாச்சி விட்டுவைத்த இடைவெளி

பறவையும் மிருகமும் நம்மைப் போலவே வாய் பேசிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மலைக்காட்டு இருவாச்சிப் பறவைகள் திறந்த மரப்பொந்தில்தான் முட்டையிட்டன. பொந்தை அடைக்கும் பழக்கமே அவற்றுக்குக் கிடையாது.

அந்தக் காட்டில் ஒரு பெண் இருவாச்சி இருந்தாள். யார் கொடுத்தாலும் ஒரு பழம் வாங்கித் தின்னமாட்டாள். புருஷன் அத்திப்பழம் கொண்டுவந்து நீட்டினால், "எனக்குச் சிறகு இல்லையா என்ன? நானே போய்த் தின்னுக்கிறேன்" என்பாள்.

"சரி, நீ வர்ற வரைக்கும் முட்டைகிட்ட நான் உட்கார்ந்திருக்கேன்."

"உங்களை நம்பினா விடிஞ்ச மாதிரிதான். நீங்க தூங்கிருவீங்க. வேலையைப் பாருங்க."

இப்படி அவள் இரை தேடப் போன இரண்டு தடவையும் உடும்பு மரமேறி முட்டையைக் குடித்துவிட்டது.

பக்கத்து மரத்தில் அவளுடைய அக்கா. அக்காவுக்கு வருஷம் தவறாமல் குஞ்சு. "நான் என்னடி செஞ்சேன்? உங்க அத்தான் ஊட்டினாரு, நான் தின்னுட்டு உட்கார்ந்திருந்தேன்" என்று அக்கா சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டாலே இவளுக்கு எரியும். குஞ்சைப் பார்க்க வரச் சொன்னபோதெல்லாம் இவளுக்குத் தலைவலி வந்துவிடும்.

மூன்றாவது முட்டை இட்டதும் அவளைப் பயம் பிடித்துக்கொண்டது. இதுவும் போய்விட்டால்? பொந்துக்குள் பழத்தைக் குவித்தாள். ஈரமண்ணைக் கொண்டுவந்து, உள்ளே இருந்தபடியே வாசலை அடைத்தாள். காற்றுக்கு ஓர் ஊசித்துளை மட்டும். இனி உடும்பும் வரமுடியாது, உதவி என்று யாரும் வந்து நிற்கவும் முடியாது.

ஆனால் அவள் நினைக்காத ஒன்று நடந்தது. அடைகாத்த சூட்டில் அவள் இறகு ஒவ்வொன்றாக உதிர்ந்தது. குவித்த பழத்தில் பாதி அழுகியது, மீதி ஐந்து நாளில் தீர்ந்தது.

வெளியே புருஷன் தட்டினான். "சத்தமே காணோமே. கொஞ்சம் இடம் விடு, பழம் வச்சிருக்கேன்."

"வயிறு நிறைஞ்சிருக்கு. போங்க."

அவன் எங்கும் போகவில்லை. தினமும் வந்தான், தினமும் திரும்பினான்.

ஒன்பதாம் நாள் காலை அவன் பழம் தேடிப் போயிருந்த நேரம். வெளியே பிராண்டும் சத்தம் கேட்டது. அலகு இல்லை. நகம்.

"மழையில மண்ணு ஊறிப்போயிருக்கே" என்றது உடும்பு. "எனக்காகத்தான் கதவை இளக்கி வச்சியாம்மா?"

மண் பொலபொலவென்று உள்ளே உதிர்ந்தது. அவள் சிறகை விரித்தாள். விரிக்க ஒன்றும் இல்லை. வயிற்றுக்கடியில் முட்டைக்குள் ஏதோ மெல்லத் துடித்தது. குஞ்சு! கத்த வேண்டும். பிறந்ததிலிருந்து அவள் யாரையும் உதவிக்குக் கூப்பிட்டதில்லை. பெயர்ந்த துளை வழியே உடும்பின் பிளவுபட்ட நாக்கு உள்ளே வந்து, முட்டை ஓட்டைத் தொட்டது.

"அக்கா! அக்கா, ஓடி வா!"

மரம் அதிர்ந்தது. அலகால் ஓர் அடி, இன்னோர் அடி. நாக்கு சட்டென்று வெளியே போனது. கீழே சருகில் தொப்பென்று ஏதோ விழுந்து ஓடியது.

"முட்டை இருக்கா?" என்றாள் அக்கா மூச்சிரைக்க.

"இருக்கு."

"நீ இருக்கியாடி?"

அவள் அலகைத் துளையருகே கொண்டுவந்தாள். பிறகு, "பசிக்குதுக்கா" என்றாள்.

அதற்குள் புருஷன் வந்துவிட்டான். உடும்பு பெயர்த்த இடத்தை அவள் மறுபடி மண் வைத்துப் பூசினாள். ஓர் அலகு நுழையும் அளவுக்கு மட்டும் பூசவில்லை. அதன் வழியே அவன் பழம் நீட்டினான். வெட்கமாக இருந்தது. வாங்கி விழுங்கினாள்.

"இன்னொண்ணு இருக்கா?"

அப்போதுதான் இடைவெளி வழியே கண்டாள். அக்காவின் குஞ்சு கிளை நுனியில் தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது. பறக்கப் பழகும் முதல் நாள். அதைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் அக்கா ஓடி வந்திருக்கிறாள். குஞ்சின் கால் வழுக்கியது. கல்லைப் போல் விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. தரைக்குக் கொஞ்சம் மேலே அதன் சிறகு விரிந்தது.

காடு முழுக்க ஒரு சந்தோஷக் குரல் எழுந்தது. அது தன் குரல்தான் என்பது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. பெற்ற தாய்கூட அவ்வளவு பலமாகக் கத்தவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான்: பெண் இருவாச்சி பொந்தை அடைத்து, ஓர் அலகு நுழைய இடம் விட்டு, இணை ஊட்டுவதை வாங்கித் தின்கிறாள். அடுத்தவள் குஞ்சு முதன்முதலாகக் கிளையை விடும்போது, மூடிய மரத்துக்குள்ளிருந்துதான் முதல் சத்தம் வருகிறது.