தாஜ்மஹாலுக்கு முட்டுக் கொடுத்த கட்டைவிரல்

புளுகுவதற்கும் ஒரு யோகம் வேண்டும். கேட்கிறவர்கள் அந்த இடத்தைப் பார்த்திருக்கக் கூடாது. கோவில்பட்டி பாத்திரக்கடை தங்கமாரியப்பனுக்கு அந்த யோகம்கூட இல்லை. வடநாட்டுச் சுற்றுலாவைப் பற்றி அவர் புளுக வேண்டியிருந்ததே, அவரோடு ஒரே பஸ்ஸில் அதே ஊர்களுக்குப் போய்த் திரும்பிய முப்பத்தொரு பேரிடம்தான்.

விஷயம் இதுதான். போன வருஷம் கேரளாவுக்குப் போனபோது, ஆளாளுக்கு ஒவ்வொரு அருவிக்கு முன்னாலும் நின்று போட்டோ எடுத்ததில் பஸ் ஊர் திரும்ப ஒரு நாள் தாமதமாகிவிட்டது. அதனால் குழுவை நடத்தும் ஓய்வுபெற்ற கண்டக்டர் செண்பகராஜ் இந்தமுறை ஒரு சட்டம் போட்டார். எல்லார் போனும் பைக்குள் இருக்க வேண்டும். போட்டோ எடுக்க ஒரே ஒரு ஆள். "நான் எடுக்கேன்" என்று முந்திக்கொண்டு கையைத் தூக்கியவர் தங்கமாரியப்பன். தூக்கினாரே, அந்தக் கையில்தான் வினை இருந்தது.

முப்பது வருஷமாகச் செம்பையும் குடத்தையும் எடுத்துக் காட்டிய கை அது. விளிம்புக்கு உள்ளே கட்டைவிரலை விட்டுப் பிடித்தால்தான் அதற்குப் பிடி நிற்கும். புதுப் போனையும் அப்படியே பிடித்தார். வெயிலில் திரை தெரியவில்லை. மூக்குக்கண்ணாடி போடக் கௌரவம் விடவில்லை. பதினாறு நாளில் நானூற்று எழுபது போட்டோ எடுத்தார். ஊருக்கு வந்து கண்ணாடியை மாட்டிப் பார்த்தால் நானூற்று எழுபதிலும் அவருடைய கட்டைவிரல்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் பெரிய டிவியை வைத்து எல்லாரும் போட்டோ பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். பார்த்து முடித்ததும் ஐப்பசியில் காஷ்மீர் போகப் பெயர் எழுதுவதாக ஏற்பாடு. தங்கமாரியப்பனுக்கு எப்படியாவது காஷ்மீர் போய்விட வேண்டும். பனியைக் கையால் தொட வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவருக்கு இருக்கிற ஆசை. இந்தப் போட்டோக்களைப் பார்த்த பிறகு அவர் பெயரை எவன் எழுதுவான்?

முன்வரிசையில் வேலம்மா உட்கார்ந்திருந்தாள். தெரு முறைக்கு அவருக்கு மதினி. சாத்தூரில் இருக்கும் அவளுடைய ஓரகத்தி, "அவ மதுரையையே தாண்டியிருக்க மாட்டா" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் வாயை அடைக்க வேலம்மா கேட்டது ஒரே ஒரு போட்டோ, தாஜ்மஹால் முன்னால் அவள் நிற்பதுபோல.

முதல் படம் வந்தது. டிவி முழுக்கச் செம்பழுப்பாக ஏதோ ஒன்று. ஓரத்தில் வெள்ளையாக ஒரு ஸ்தூபியின் நுனி மட்டும் தெரிந்தது.

"என்னது இது, சேனைக்கிழங்கா?" என்றார் செண்பகராஜ்.

"தாஜ்மஹால்."

"எங்க?"

"பின்னால இருக்கு."

தங்கமாரியப்பன் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வாய்க்கு அது பழக்கமில்லை.

"அன்னைக்கு ஒரு காத்து அடிச்சுதுல்லா? நீங்கல்லாம் செருப்பு விடுற இடத்துல நின்னுக்கிட்டிருந்தீங்க. நான் போனைத் தூக்குதேன், தாஜ்மஹால் மெல்ல இடது பக்கமா சாயுது. போட்டோவா முக்கியம்? கட்டைவிரலைக் கொடுத்து ஒரே முட்டு! நிமிந்துருச்சு. வேற எவனா இருந்தாலும் நல்ல போட்டோவா எடுத்துட்டு வந்திருப்பான். நான் ஒரு மடையன், கட்டடத்தக் காப்பாத்திட்டு வந்திருக்கேன்."

கூடத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்புதான் அவரைக் கெடுத்தது. அடுத்த படத்தைத் தானே தள்ளினார்.

அதிலும் விரல். மேலே கொஞ்சம் வானம்.

"இது இமயமலை. ஹரித்வார்லருந்து தூரத்துல தெரிஞ்சுதே, அது. சூரியன் உறைக்க உறைக்க அடிக்கு, பனி சொட்டுச்சொட்டா இறங்குது. இது மொத்தமும் உருகுனா கங்கை பொங்கும், காசி முங்கும், அப்புறம் தண்ணி வைப்பாத்துல ஏறி நம்ம பஜாருக்கே வந்துரும். ஒத்த விரலால சூரியனை மறைச்சேன். முக்கால் மணி நேரம்! விரல் வெந்துபோச்சு. சந்தேகம்னா பாத்துக்கோங்க, தோல் இன்னும் கருப்பாத்தான் இருக்கு."

பின்வரிசையிலிருந்து சுற்றுலாவின் சமையல்காரர் ஆவுடையப்பன் எழுந்தார். "அது நான் இறக்கி வச்ச ரசச் சட்டியத் தொட்டதுல்லா அண்ணாச்சி? நான்தானே மஞ்சள் வச்சு விட்டேன்."

"ரசம் சுட்டது மேல்தோல்தான். உள்தோல் சூரியன்."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். தங்கமாரியப்பனின் புளுகு எட்டு நிமிஷத்துக்கே மூச்சு வாங்கியது. ஆனாலும் அவர் விடுகிற ஜாதியா?

"இது ஜெய்ப்பூர். வெயிலை வச்சு மணி சொல்லுத பெரிய கல்லுக் கடிகாரம். நான் போட்டோ எடுக்கப் போன நேரம், இந்தப் பாழாப்போன விரல் நிழல் அது மேல விழுந்து, காலைல பத்தரைக்கே மணி ஒண்ணரைன்னு காட்டிருச்சு. ஊரே சாப்பிட உக்காந்துட்டான். பள்ளிக்கூடத்த விட்டுட்டான். ஒரு கல்யாணத்துல முகூர்த்தம் தப்பிருச்சுன்னு மாப்பிள்ளை வீட்டுக்காரன் கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுட்டான். பொண்ணோட அப்பா என் காலப் பிடிச்சு அழுதாரு. விரலை எடுத்து, மணியப் பின்னால ஓட்டி, முகூர்த்தத்த மீட்டுக் கொடுத்துட்டு வந்தேன்."

"அன்னைக்கு ஜெய்ப்பூர்ல மேகமூட்டம் அண்ணாச்சி," என்றார் செண்பகராஜ். "யாருக்குமே நிழல் கிடையாது."

"மேகமூட்டமா? அது மேகம்னா நினைச்சீரு?" என்று தங்கமாரியப்பன் கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டினார்.

கூடம் அதிர்ந்தது. ஆவுடையப்பன் சிரித்ததில் நாற்காலி பின்னால் சரிந்தது. தங்கமாரியப்பனுக்குத் தெம்பு வந்துவிட்டது. இதே ஓட்டத்தில் காஷ்மீர் வரைக்கும் போய்விடலாம் என்று நினைத்தார்.

அப்போதுதான் வேலம்மா கேட்டாள். "எல்லாம் சரி கொழுந்தனாரே, நான் எங்க?"

அந்தப் படமும் வந்தது. விரல், அதற்குக் கீழே புல்தரை, பத்துப் பதினைந்து பாதங்கள்.

"நகத்துக்குக் கீழதான் நிக்கீங்க மதினி. உங்க அழகுக்கு ஆக்ரா பூராவும் கண்ணு வச்சிரும்னு விரலால மறைச்சுட்டேன்."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. வேலம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கல்யாணப் பட்டு," என்றாள். "பையில மடிச்சு வச்சுக் கொண்டுபோயி, அங்க ஒரு பாத்ரூம்ல நின்னுக்கிட்டே மாத்திக் கட்டினேன். இதுல முந்தியாவது தெரியுமான்னு பாக்கேன்."

தங்கமாரியப்பனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. விரல் ஊரை எல்லாம் காப்பாற்றியது, இந்த ஒரு பொம்பளையைக் கெடுத்துவிட்டதே என்று மனசு அடித்துக்கொண்டது.

"மதினி, எனக்குப் போன் பிடிக்கத் தெரியல. செம்பைப் பிடிக்க மாதிரி பிடிச்சுட்டேன். கண்ணாடி போட்டா வயசாளின்னு நினைப்பீங்கன்னு போடாமலே எடுத்தேன். அவ்வளவுதான். வேற ஒண்ணும் நடக்கல."

அவர் வாயிலிருந்து உண்மை வந்ததைப் பார்த்துக் கூடமே கொஞ்சம் மிரண்டுபோயிற்று. பிறகு "விடுங்க அண்ணாச்சி, வேணும்னேவா செஞ்சீங்க?" என்று ஒருவர் சொன்னார். வேலம்மாவும் தலையை ஆட்டினாள். செண்பகராஜ் நோட்டை விரித்து, "சரி, காஷ்மீருக்குப் பெயர் எழுதுவோம். அண்ணாச்சி, நீங்க வாரீகள்லா?" என்று பேனாவின் மூடியைக் கழற்றினார்.

'ஆமா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பனி கைக்கு வந்திருக்கும். ஆனால் மன்னிப்புக் கிடைத்த சந்தோஷம் அவர் தலைக்கு ஏறிவிட்டது.

"வாராமலா? மதினி, காஷ்மீர்ல பாருங்க. ஏரியில படகை நிறுத்தச் சொல்லி, பின்னால இருக்க மலையை இந்த விரலால ஒரு நாலடி தள்ளி வச்சு, உங்கள நட்டநடுவுல நிக்க வச்சு எடுக்கலைன்னா..."

செண்பகராஜின் பேனா அப்படியே நின்றது. வேலம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"கொழுந்தனாரே, கூடவே வந்த எங்களுக்குத் தெரியாததெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நீங்க எதுக்கு அம்புட்டுத் தூரம் குளிருல அலையணும்? பேசாம ஊருலயே இருங்க. நாங்க போயிட்டு வந்து பஸ்ஸ விட்டு இறங்கினதும், காஷ்மீர்ல எங்களுக்கு என்னென்ன நடந்துச்சுன்னு நீங்க சொல்லுங்க, கேட்டுக்கிடுதோம்."

செண்பகராஜ் அடுத்த ஆளின் பெயரைக் கேட்டார்.