ஆணைக்கு வராத உறக்கம்

முன்னொரு காலத்தில், அது எந்தக் காலம் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், கடம்பராயன் என்றோர் அரசன் இருந்தான். அவன் இருமினால் அவையில் பாதிப் பேருக்கு வியர்க்கும். யானை மெதுவாக நடக்கிறது என்று பாகனைச் சிறையில் போட்டவன் அவன்.

அப்பேர்ப்பட்டவனுக்குக் கல்யாணமாகிப் பல வருடங்களாகியும் குழந்தை இல்லை. ஒருநாள் காலை என்ன தோன்றியதோ, அவையில் எழுந்து ஆணையிட்டுவிட்டான்.

"வருகிற கோயில் திருவிழாக் கொடியேற்றத்துக்குள் அரசி கருவுற வேண்டும். தவறினால் அவள் தாய்வீடு போகட்டும். அமைச்சர் வல்லபரின் மகளை நான் மணப்பேன்."

வல்லபர் முகத்தில் அன்றைக்கு வந்த பூரிப்பைப் பார்த்திருக்க வேண்டும்! மறுநாளே மகளைக் கொண்டுவந்து அரசியின் பக்கத்து அறையில் குடிவைத்துவிட்டார்.

அரசி செண்பகவல்லியின் பாடு பெரும்பாடாகிவிட்டது. விரதம் என்று சொல்லி வயிற்றைக் காயப்போட்டார்கள். கசப்புக் கஷாயத்தைக் குடம் குடமாகப் புகட்டினார்கள். அவளும் அரசனும் எந்த இரவு சேர்ந்திருக்கலாம் என்பதை வல்லபரின் சோதிடர் குறித்துக் கொடுத்தார். அந்த இரவுகளில் வாசலில் காவலர் ஈட்டியோடு நின்றார்கள். விடிந்ததும் விடியாததுமாகத் தாதிகள் வரிசையாக வந்து, "ஏதாவது விசேஷம் உண்டா, தேவி?" என்று கேட்டார்கள். தீட்டு வந்த நாட்களில் அரசி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். காலடிச் சத்தம் கேட்டாலே அவளுக்குக் கை நடுங்கியது. எனக்கு அந்தச் சோதிடரை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

இதைப் பார்த்துப் பொறுக்காமல் அவை விகடகவி வடமலையான் வாயைத் திறந்தான்.

"அரசே, தேவியைக் கொஞ்சம் நிம்மதியாக விட்டால் நல்லது."

வல்லபர் அதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தார். "வேந்தே! வழி தெரிந்தவர்போலப் பேசுகிறார். பொறுப்பை இவரிடமே ஒப்படையுங்கள். கொடியேற்றத்துக்குள் நடக்காவிட்டால் இவர் தலை போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் அரசன்.

விகடகவி என்றால் பயமே கிடையாது என்று நினைக்கிறீர்களா? வடமலையான் தன் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான். ஆனாலும் கைகூப்பிச் சொன்னான்: "ஆணை, அரசே. ஆனால் உடம்பு ஆணைக்குக் கீழ்ப்படிவதை அடியேன் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். தாங்கள் இன்று மதியம் ஆணைப்படி உறங்கிக் காட்டுங்கள். காட்டிவிட்டால் கொடியேற்றம் வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள்."

"இவ்வளவுதானா!" என்று சிரித்தான் அரசன். "அரசிக்குச் செய்த ஏற்பாடுகள் அனைத்தையும் எனக்கும் செய்யுங்கள். பார்த்துவிடலாம்."

வடமலையான் சொன்ன சொல்லைத் தட்டாதவன். அனைத்தையும் செய்தான். அரசனுக்கு மதியச் சோறு நிறுத்தப்பட்டது. கஷாயம் வந்தது. உறங்க வேண்டிய நேரத்தைச் சோதிடர் குறித்தார். கட்டிலைச் சுற்றி ஈட்டிக்காரர்கள் நின்றார்கள். தாதிகள் ஒவ்வொருத்தியாக வந்து குனிந்து, "உறக்கம் வந்ததா, அரசே?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அரசன் இடப்பக்கம் புரண்டான். வலப்பக்கம் புரண்டான். கண்ணை இறுக்க மூடினான். மூட மூட விழிப்புத்தான் வந்தது.

கடைசியாக வடமலையான் வல்லபரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, கட்டிலுக்கு எதிரே அரியணையைப் போட்டு அதில் உட்காரவைத்தான்.

"இது எதற்கு?" என்று அரசன் எழுந்து உட்கார்ந்தான்.

"தங்களுக்கு உறக்கம் வராவிட்டால் தங்களை ஊருக்கு அனுப்ப வேண்டுமே, அரசே. அடுத்தவர் பக்கத்திலேயே தயாராக இருக்க வேண்டாமா? தேவிக்கும் அப்படித்தானே ஏற்பாடு?"

வல்லபர் அரியணையிலிருந்து தரையில் விழுந்து, "வேந்தே, நான் உட்காரவில்லை, என்னை உட்காரவைத்தார்கள்!" என்று அலறினார். அரசன் வாளை உருவி வடமலையானின் கழுத்தில் வைத்துவிட்டான். வடமலையான் கண்ணை மூடிக்கொண்டு தன் பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்துக்கொண்டான்.

அப்போதுதான் வாசலோரம் நின்ற அரசியை அரசன் பார்த்தான். அவள் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"தேவி, தினமும் உனக்கு இப்படித்தானா?"

"தங்களுக்கு இன்று ஒரு பகல்தானே, அரசே" என்றாள் அவள்.

அரசன் வாளைக் கீழே போட்டான். பிறகு வடமலையானைப் பார்த்து, "என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டான். அவன் யாரையும் அப்படிக் கேட்டு அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"காவலையும் கேள்வியையும் நிறுத்துங்கள். தேவி வயிறாரச் சாப்பிடட்டும். ஒரு தீட்டுக்கும் அடுத்த தீட்டுக்கும் சரிநடுவில் வரும் நாட்கள்தான் கருத்தரிக்க உகந்தவை என்று அரண்மனை மருத்துவரே சொல்கிறார். அமைச்சரின் சோதிடர் அவற்றை ஒருமுறைகூடக் குறிக்கவில்லை. அந்த நாட்களில் தாங்கள் வேட்டைக்குப் போகாதீர்கள். இன்னொன்று, அரசே, குறையைத் தேவியிடம் மட்டும் தேடினோம். தாங்கள் இரவெல்லாம் குடிக்கும் மதுவையும் நிறுத்திப் பார்க்கலாம். இத்தனைக்கும் பிறகும் நடக்காமல் போகலாம். அதற்கு யாரும் குற்றவாளி இல்லை."

"அரசிக்கு இட்ட ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்" என்றான் அரசன். "உன் தலைக்கான ஆணை இருக்கட்டும். என் அரியணையில் இன்னொருவரை உட்காரவைத்தாய் அல்லவா? நீயும் கொஞ்சம் பயந்து கிட."

வல்லபரின் மகள் அன்று மாலையே வீடு திரும்பினாள். அவளுக்கும் அதில் சந்தோஷம்தான் என்று கேள்வி. அரசனும் அரசியும் பல வருடங்களுக்குப் பிறகு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள், தோட்டத்தில் நடந்தார்கள். வடமலையான் மட்டும் ஒவ்வொரு நாளும் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே எழுந்தான். கொடியேற்றத்துக்குக் கொஞ்ச நாளே இருந்தபோது, அரசிக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். அதைக் கேட்ட விகடகவி நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதுவிட்டான்.

மாதங்கள் நிறைந்து பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை. அரசனிடம் அதைச் சொல்ல எவருக்கும் நாக்கு எழவில்லை. அரசி மறுபடியும் நடுங்க ஆரம்பித்தாள். வல்லபர் தூணுக்குப் பின்னால் நின்று காத்திருந்தார். வடமலையானே குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துவந்து அரசன் கையில் கொடுத்தான்.

கைக்கு வந்ததும் குழந்தை வீறிட்டது.

"அழாதே!" என்றான் அரசன். அவன் குரலுக்கு ஈட்டிக்காரர்களே ஒடுங்கி நின்றார்கள். குழந்தை இன்னும் பலமாக அழுதது.

"அழாதே என்கிறேன்!"

குழந்தை காலை உதைத்து, முகம் சிவக்கக் கத்தியது.

அரசன் அதை உற்றுப் பார்த்தான். பிறகு சிரித்தான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். "வடமலையா! இந்த நாட்டில் எனக்குப் பயப்படாத ஆள் ஒருத்தி வந்துவிட்டாளடா!" என்றான். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி விகடகவிக்குப் போட்டான்.

அரசியின் கைநடுக்கம் அன்றோடு நின்றது.